எந்தப் பக்கம் திருப்பினால் கை வெளியே வரும்

செல்வி, பாண்டி,

நீங்கள் ரெண்டு பேரும் கடைசியில் என் மெக்கானிக் வேலைக்கே வந்து நிற்கிறீர்கள். செல்விக்கு அச்சாபீஸில் மெயின்டனன்ஸ், பாண்டிக்குச் சாத்தூரில் பட்டறை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி, வந்தாச்சு. உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், "நீங்க பாத்த வேலையப் பத்திச் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வாயால் சொன்னால் நான் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிவிடுவேன், எழுதிக் கொடு என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

மெஷின் சுற்றுகிற திசையைத் திருப்புவது பற்றிச் சொல்லப் போகிறேன். எப்படித் திருப்புவது என்பது உங்கள் புத்தகத்திலேயே படம் போட்டு இருக்கிறது. நேராக ஓடுகிற பெல்ட்டைக் குறுக்காக மாற்றிப் போட்டால் திசை மாறும். ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் மூணாவதாக ஒன்றைச் சொருகினால் மாறும். லேத்தில் ஒரு லீவரைத் தள்ளினால் போதும். மோட்டாரில் ரெண்டு ஒயரை இடம் மாற்றினால் அதுவும் பின்னால் சுற்றும். நம் வீட்டுக் கிரைண்டருக்கு மோட்டார் மாற்றி, அது பின்பக்கமாகச் சுற்றி, மாவெல்லாம் விளிம்பு ஏறி வந்தது ஞாபகம் இருக்கிறதா? "ஊருக்கெல்லாம் மெஷின் பாக்குற மனுசன் வீட்டுல கிரைண்டரு பின்னாடி நடக்கு" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். இந்த வித்தை எல்லாம் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். ஆனால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று, ஆளாளுக்குக் கத்துகிற இடத்தில், சரியாகத் தெரிந்துகொள்வது வேறு. அது தெரியாமல் கையை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மத்தியானம் நான் பார்த்தேன்.

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகிற பாதையில், பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கிற ஒரு யூனிட். வெடிமருந்து வேலை அங்கே கிடையாது. வெறும் காகிதமும் பசையும்தான். அதனால்தான் மோட்டார் வைத்து ஓட்டலாம். அங்கே பசை மெஷின் ஒன்று இருந்தது. கீழே இரும்பு ரோலர், பசைத் தட்டில் பாதி முங்கிக் கிடக்கும். மேலே ரப்பர் போட்ட ரோலர், அதை அமுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் நின்று தாளைக் கொடுத்தால் ரெண்டுக்கும் நடுவில் போய், மறுபக்கம் பசையோடு வரும். மோட்டார் ஓரத்தில் தரையில் இருக்கும். அதிலிருந்து பெல்ட், மூடின கியர் பெட்டி ஒன்றுக்குப் போகும். பெட்டியிலிருந்து ரோலருக்கு. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. மோட்டார் பக்கமிருந்து சுற்றினால் ரோலர் சுற்றும். ரோலரைப் பிடித்து யார் எப்படி இழுத்தாலும் ஒரு பொட்டு அசையாது.

மெஷின் பழசு. எங்கேயோ மூடின கம்பெனியிலிருந்து வாங்கி வந்தது. இங்கே ஷெட்டு வாசல் மறுபக்கம் இருந்ததால் மெஷினைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அப்புறம் மோட்டார் எரிந்து வேறு மோட்டார் வந்திருக்கிறது. பெல்ட்டையும் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் நான் அந்த யூனிட்டுக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால். பெல்ட் மூடியின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், மோட்டார் இந்தப் பக்கம் சுற்றும் என்று காட்டுகிற அம்பு. நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷினுக்கெல்லாம் புதுப் பெயின்ட். பெயின்டர் வந்து பச்சை அடித்து, பழைய அம்பு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் சிவப்பில் அழகாக எழுதிவிட்டுப் போவார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சந்தனம் குங்குமம் வைப்போம், மாலை போடுவோம், பொரிகடலை சாப்பிடுவோம். வருசா வருசம் அந்த அம்பு புதுசாகிக்கொண்டே வந்தது. அது காட்டுகிற பக்கம்தான் மோட்டார் இப்போதும் சுற்றுகிறதா என்று நின்று பார்த்த ஆள் கிடையாது. நானும் பார்த்ததில்லை. ஓடுகிற மெஷினில் யார் அம்பைப் பார்க்கிறார்கள்?

அந்த மெஷினில் தாள் கொடுக்கிறவள் பஞ்சவர்ணம். வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டுப் படுத்தே இருந்தார். இவள் கையை வைத்துத்தான் ரெண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தன. வாய்க்காரி. நான் எண்ணெய்க் கேனோடு உள்ளே நுழைந்தாலே, "வாங்கண்ணே, மெஷினுக்கு எண்ணெய் போட வந்தீகளா, நோட்டம் பாக்க வந்தீகளா" என்பாள்.

பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விரல் நுனியை அரித்துவிடும். அதற்காகப் பெண்கள் விரலில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள். எல்லா யூனிட்டிலும் நடக்கிறதுதான், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அன்றைக்கு ஒரு தாள் ரோலர் வாயில் மடங்கியது. பஞ்சவர்ணம் விரலால் அதைத் தட்டிவிட்டாள். நனைந்த கிழிசலின் நுனி ரோலரில் ஒட்டிக்கொண்டது. துணி உள்ளே போனது, துணியோடு விரலும் போனது.

நான் பக்கத்து ஷெட்டில் தாள் வெட்டுகிற மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் செந்தில் ஓடி வந்தான். "அண்ணே, பசை மெஷின்ல கை" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு வந்தது.

போனபோது மெஷின் நின்றிருந்தது. யாரோ மெயினை இறக்கியிருந்தார்கள். பஞ்சவர்ணம் பாதி குனிந்தபடி நின்றாள். வலது கையின் நாலு விரலும் நடு முட்டி வரைக்கும் உள்ளே. மேல் ரோலர் ரப்பர் என்பதால் எலும்பு நொறுங்கியிருக்காது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் விரலின் மிச்சம் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோன விரலுக்கு நேரம் குறைச்சல். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும், "திருப்புங்க, பின்னாடி திருப்புங்க" என்று அழுகையும் சத்தமுமாக இருந்தார்கள்.

"கத்தாதீகடி. எனக்குத் தலை வலிக்கி" என்றாள் பஞ்சவர்ணம்.

முதலில் மேல் ரோலரைத் தூக்கத்தான் பார்த்தேன். அதை அமுக்குகிற திருகு ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று இருக்கும். ஒன்று இளகியது. இன்னொன்று காய்ந்த பசையும் வருசக் கணக்கில் பூசின பெயின்டும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. ஒன்றை மட்டும் இளக்கினால் ரோலர் சாய்ந்து, கை இருக்கிற பக்கம் இன்னும் அமுக்கும். இளக்கினதை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டேன். இனி ரோலரைப் பின்னால் சுற்றித்தான் கையை எடுக்க வேண்டும்.

எலக்ட்ரீசியன் சுல்தான் பாய் டெஸ்டரோடு வந்துவிட்டார். "அண்ணே, ரெண்டு ஒயரை மாத்திப் போட்டாப் போதும். பின்னாடி ஓடிரும். ஒரு தட்டுத் தட்டி நிப்பாட்டிருவேன்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. முன்னால் ஓடின மோட்டார் ஒயரை மாற்றினால் பின்னால்தான் ஓடும், திசையில் சந்தேகமே வராது. ஆனால் நான் கேட்டேன், "பாய், உங்க மோட்டாருக்கு மெதுவான்னா என்னன்னு தெரியுமா?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டார். "தெரியாதுண்ணே. அதுக்கு நிக்கத் தெரியும், ஓடத் தெரியும். கையாலயே திருப்புங்க. நான் மெயினுக்கிட்ட நிக்கேன், ஒரு பயலும் தொட மாட்டான்." போய் மெயின் போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த ஷெட்டில் நடந்த நல்ல வேலையில் அதுவும் ஒன்று. கரண்ட் வராது என்று உறுதியான பிறகுதான் எனக்குக் கை ஓடியது.

பெல்ட் மூடியைக் கழற்றினோம். செந்தில் மூடியில் இருந்த அம்பைப் பார்த்தான். "அம்பு இங்கிட்டுக் காட்டுதுண்ணே. அப்போ நம்ம அங்கிட்டுத் திருப்பணும்" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சக்கரத்தை ரெண்டு கையாலும் பிடித்துவிட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அப்படித்தான் யோசிக்கும். மூடி மேல் சிவப்பில் எழுதியிருக்கிறது, அதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியதுதானே.

நான் அவன் கை மேல் என் கையை வைத்தேன். "பொறுலே."

"இன்னும் என்னண்ணே பொறுக்க! அங்கன அக்கா சாகுது!"

"நான் ஒண்ணும் சாகலைலே" என்றாள் பஞ்சவர்ணம். "அண்ணே, ஆனாச் சட்டுனு யோசிங்க."

என்னை நிறுத்தினது பெல்ட். அது குறுக்கே போட்டிருந்தது. அந்த ரக மெஷினுக்குப் பெல்ட் நேராக வரும், நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். அப்படியானால் யாரோ திசையைத் திருப்பியிருக்கிறார்கள். அம்பு அதற்கு முந்தினதா, பிந்தினதா? புது மோட்டார் அதே பக்கம் சுற்றுவதா, மாறிச் சுற்றுவதா? ஒரு தடவை திருப்பினால் எதிர். ரெண்டு தடவை திருப்பினால் பழையபடி. மூணு தடவை என்றால் மறுபடியும் எதிர். அந்த மெஷினை எத்தனை பேர் எத்தனை தடவை திருப்பினார்கள் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. கியர் பெட்டியோ மூடிக் கிடக்கிறது, உள்ளே பல் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் ஆள் தடுமாறுவான். கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு ஆசை வரும். இன்னொருத்தர் மாற்றி வைத்த மெஷினில் உங்கள் கணக்கு செல்லாது. அந்த மெஷினிடமே கேட்க வேண்டும். கேட்பதற்கு வழி இருக்கிறது.

எந்தப் பல்சக்கரமானாலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். இந்த மெஷின் எப்படி நின்றது? கையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. அப்படியென்றால் ஒவ்வொரு பல்லும் அடுத்த பல்லை நெட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. அதே பக்கம் சக்கரத்தை ஒரு பொட்டு திருப்பினாலும் ரோலர் உடனே அசையும். எதிர்ப்பக்கம் திருப்பினால், முதலில் அந்த இடைவெளி தீர வேண்டும். சக்கரம் சும்மா கையோடு வரும், ரோலர் அசையாது. அதற்கு அப்புறம்தான் பல் பிடிக்கும். ஆகவே சக்கரம் சும்மா வருகிற பக்கம் எதுவோ, அதுதான் கை வெளியே வருகிற பக்கம்.

ஆனால் நான் மோட்டார் பக்கம் இருந்தால் ரோலர் அசைகிறதா என்று யார் பார்ப்பது? செந்தில் பதறிக்கொண்டிருந்தான். பதறுகிற ஆளை வெளியே அனுப்பினால் வெளியே நின்று பதறுவான். அவனுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள்.

"செந்திலு, இங்கன வா. ரோலர் ஓரத்துல இந்தப் பல்லு இருக்குல்ல, இதுவும் பக்கத்துல அசையாம இருக்குற இந்த இரும்புக் கட்டையும் சேருற இடத்துல நகத்தை வை. கண்ணால பாக்காத, நகத்தால பாரு. அசைஞ்சா 'அசையுது'ன்னு சொல்லு. வேற எதுவும் பேசக் கூடாது."

வைத்தான். முதலில் நகம் நழுவிக்கொண்டே இருந்தது. அப்புறம், நகத்தை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதாலேயே, கை நின்றது. மூச்சும் நிதானமாக வந்தது.

பஞ்சவர்ணத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் செய்யக் கூடாது. "தாயி, ரெண்டு விரலால தொட்டுப் பாக்கப் போறேன். தப்பான பக்கமா இருந்தா ஒரு பொட்டு இறுகும். அந்த நிமிசமே விட்டுருவேன்."

"சரியான பக்கமா இருந்தா?"

"ஒண்ணுமே தெரியாது."

"அப்போ ஒண்ணுமே தெரியாத பக்கமாப் பாத்துத் திருப்புங்கண்ணே" என்றாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாய் மட்டும் அவள் வாயாகவே இருந்தது.

முதலில் செந்தில் சொன்ன பக்கமே, அம்புக்கு எதிர்ப்பக்கமாக, சக்கரத்தின் விளிம்பை ரெண்டு விரலால் லேசாக நெம்பினேன். விரலுக்கு அது பாரமாகத் தெரிந்தது.

"அசையுதுண்ணே!" என்றான் செந்தில். அதே நேரம் பஞ்சவர்ணம் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தது கேட்டது.

விட்டுவிட்டேன். செந்தில் ரெண்டு கையாலும் பிடித்த சக்கரம் அது. அவன் பிடியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் கை இன்னும் உள்ளே போயிருக்கும். அவனுக்கும் அது அந்த நொடியில் விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நகத்தை மட்டும் எடுக்கவில்லை.

மறுபக்கம் நெம்பினேன். சக்கரம் சும்மா வந்தது. கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது.

"செந்திலு, என்னலே?"

"அசையலைண்ணே."

"பஞ்சவர்ணம்?"

"ஒண்ணும் தெரியலண்ணே" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு பல் பிடித்தது. சக்கரத்தை இழுத்து இழுத்து, விட்டு விட்டுச் சுற்றினேன். "இப்ப அசையுது" என்றான் செந்தில். "விடுது, அண்ணே, விடுது" என்றாள் இவள். கையை உருவப் பார்த்தாள்.

"இழுக்காத. இழுத்தாத் தோலு வந்துரும். மெஷினு தானாத் தரும், நீ வாங்கிக்கிட்டா மட்டும் போதும்."

துத்தப் பசை நீலமும் ரத்தமுமாகக் கை வெளியே வந்தது. அதோடு அந்தத் துணிக் கிழிசலும் வந்தது. அவள் சாய, பக்கத்தில் நின்ற பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். வேனில் ஏற்றும்போது கண்ணைத் திறந்து, "என் தூக்குவாளி அங்கன இருக்கு, யாரும் எடுத்துறாதீக. உள்ள மீன் கொழம்பு இருக்கு" என்றாள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம்.

விரல் நாலும் பிழைத்தன. தையல் போட்டார்கள், எலும்புக்கு ஆணி வைத்தார்கள். மோதிர விரல் மட்டும் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "மடங்காட்டிப் போகுது. நான் என்ன மோதிரமா போடப் போறேன்" என்றாள்.

இங்கே யூனிட்டில் மறுநாளே முதலாளி வந்தார். கெட்ட மனுசன் இல்லை, ஆஸ்பத்திரி செலவெல்லாம் அவரே பார்த்தார். ஆனால் சீசன். ஆர்டர் நிற்கிறது. வேறு ஆளை நிறுத்தி ஓட்டலாமா என்று கேட்டார். அந்த மெஷின் பக்கம் ஒரு பெண்ணும் போகவில்லை. "மொதல்ல அந்தப் பேயை ஏதாச்சும் பண்ணுங்க. அப்புறம் ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பசையைக் கையால் தடவியே வேலை நடந்தது. முதலாளி என்னிடம், "ஒரு சுவிட்ச் வச்சுப் பின்னாடி ஓடவிடுங்களேன், லிப்ட்டுக்கு வைக்கிற மாதிரி" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். பின்னால் ஓடுகிற மெஷினிலும் பின்பக்கம் ஒரு வாய் இருக்கிறது. பசைத் தாளை வாங்குகிறவள் அந்தப் பக்கம்தான் நிற்கிறாள். இவள் கையை எடுக்க அவள் கையைக் கொடுப்பதா?

எனக்கு மனசில் இருந்தது வேறு. அடுத்த தடவை இப்படி ஒன்று நடந்தால், எந்தப் பக்கம் என்கிற கேள்வியே வரக் கூடாது. பதட்டத்தில் இருக்கிற ஆள் எந்தப் பக்கம் சுற்றினாலும் கை இன்னும் உள்ளே போகக் கூடாது. விருதுநகரில் பழைய இரும்புக் கடையில், கிணற்று டீசல் இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற கைப்பிடி ஒன்று கிடைத்தது. அதன் பல் ரம்பம் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் சுற்றினால் 'கடகட'வென்று வழுக்கும். பிடிக்கிற பக்கம் கை வெளியே வருகிற பக்கமாக இருக்கும்படி பார்த்து, அதை மோட்டார் முனையில் மாட்டினேன். சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் அதைத் தள்ளியே வைத்திருக்கும். அமுக்கினால் முதலில் கரண்ட் போய், மெஷின் நின்று, அதற்குப் பிறகுதான் பல் சேருகிற மாதிரி சுல்தான் பாய் செய்து கொடுத்தார். கல்லாகிக் கிடந்த திருகையும் கழற்றிப் புதுசு போட்டேன். மூடியில் இருந்த அம்பைச் சுரண்டிவிட்டேன். புதுசாக ஒன்றும் எழுதவில்லை.

தீபாவளி கழிந்து பஞ்சவர்ணம் வேலைக்கு வந்தாள். செந்தில் அவளைப் பேக்கிங்கில் உட்காரச் சொன்னான். "ஏன், மெஷினுக்குப் பயந்து உக்காந்துட்டேன்னு ஊரெல்லாம் பேசவா? அங்கனதான் நிப்பேன்" என்றாள். அவளுக்குப் பேக்கிங்கைவிட அந்த மெஷினில் கூலி கூட. அதுவும் காரணம்.

எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரோலரில் வாழைமட்டையைச் சொருகி நிறுத்தினேன். "யாரு வேணும்னாலும் வாங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்துங்க." ஒருத்தி தப்பான பக்கம் சுற்றினாள், வழுக்கியது. சரியான பக்கம் சுற்றினாள், மட்டை வெளியே வந்து விழுந்தது. கை தட்டினார்கள். முதலாளி என் முதுகில் தட்டினார். செந்தில் நாலு தடவை சுற்றிப் பார்த்தான்.

எல்லாரும் கலைந்த பிறகு பஞ்சவர்ணம் வந்தாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா அன்னைக்கு நீங்க பக்கத்து ஷெட்டுல இருந்தீக. நாளைக்கு நீங்க சிவகாசில இருப்பீக, இந்தச் செந்தில் பய டீக்கடைல இருப்பான். நான் யாரைக் கூப்பிட?"

"சத்தம் போட்டா யாராச்சும் வருவாக தாயி" என்றேன்.

"வருவாக" என்றாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

இதை எந்தப் புத்தகத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் உங்களுக்குச் சொல்லுகிறேன். நாம் மெஷினைச் சரிபண்ணும்போது எப்போதும் மெக்கானிக் நிற்கிற இடத்தில் நின்றுதான் சரிபண்ணுகிறோம். அந்தக் கைப்பிடியை நான் எனக்காகத்தான் மாட்டியிருந்தேன். மாட்டிக்கொண்டவளுக்காக மாட்டவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பஞ்சவர்ணம் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். வலது கையை ரோலர் வாயில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டிக் கைப்பிடியை எட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. உடம்பைச் சாய்த்தேன், அப்போதும் ஒரு சாண் எட்டவில்லை. அவள் என்னைவிடக் குள்ளம். முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்கு வந்தேன். கைப்பிடி கண்ணுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு அவளை மெஷினில் நிறுத்தவில்லை. ஒரு சாமான் வரவேண்டியிருக்கிறது என்று செந்திலிடம் சொல்லி வைத்தேன். பழைய சைக்கிளிலிருந்து செயினும் பல்சக்கரமும் கழற்றி, மோட்டார் முனையிலிருந்து இழுத்து, அந்தக் கைப்பிடியைத் தாள் வைக்கிற பலகைக்குக் கீழே, இடது கைப் பக்கம் கொண்டுவந்தேன்.

முடித்த அன்றைக்கும் எல்லாரும் சாப்பிடப் போகும் வரை காத்திருந்தேன். ஃபியூஸ் கட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி நின்று, இடது ஓரத்துத் திருகை இளக்கி, வலது கை விரலை ரெண்டு ரோலருக்கும் நடுவில் வைத்து, இடது கையால் திருகை இறுக்கினேன், இழுத்தால் வராத அளவுக்கு. பிறகு பலகைக்குக் கீழே கையை விட்டுக் கைப்பிடியை அமுக்கிச் சுற்றினேன். ரோலர் மெதுவாகப் பின்னால் வந்து விரலை விட்டது.

வலியில் இருக்கிறவளுக்குக் கண் எங்கே தெரியப் போகிறது என்று தோன்றியது. மறுபடியும் திருகை இளக்கி, விரலை வைத்து இறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தேடினேன்.